எந்தக் குடல் நாறுகிறது?

"குடலா? ஐயோ, நாறுமே!" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்தக் குடல்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இது மதுரை. இந்த ஊரில் ஆட்டின் உடம்பில் வீணாகப் போகும் உறுப்பு என்று எதுவும் கிடையாது. குடல் குழம்பு, ரத்தப் பொரியல், சுவரொட்டி, ஈரல், தலைக்கறி, மூளை வறுவல், கால் பாயா என்று அத்தனையும் மெஸ் பலகையில் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு அதற்கு வரிசையும் நிற்கும். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் ஒரு வாய் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு 'மதுரை மண்ணின் பாரம்பரியச் சுவை' என்கிறார்கள். நல்லது. எங்களுக்கும் அந்தக் குடல் குழம்பு பிடிக்கும்.

அதே உறுப்பு மாட்டிலிருந்து வரட்டும். பலகை போய்விடும், பாரம்பரியம் போய்விடும், பெயர்கூடப் போய்விடும். 'பெரிய கறி' என்பார்கள், 'பீஃப்' என்பார்கள், சில வீடுகளில் வெறும் 'அது'. செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு பாலித்தீன் பையில் போட்டு, தெருவில் யாரும் கேட்டால் 'காய்கறி' என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். ஆட்டின் வயிறும் மாட்டின் வயிறும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே நான்கு அறை கொண்ட, அசைபோடும் வயிறு. இரண்டிலும் இருப்பது அரைபட்ட புல். அப்படியிருக்க, ஒன்று மணக்கிறது, இன்னொன்று நாறுகிறது என்று கண்டுபிடிக்கிற மூக்கு எதை மோந்து பார்க்கிறது? கறியையா, அதைத் தின்கிறவர் குடியிருக்கும் தெருவையா?

இந்தக் கட்டுரை மாட்டுக்குடலை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் கழுவுவது, எப்படிச் சமைப்பது என்பதைப் பற்றியது. அரசியல் படிக்க வந்தோம், சமையல் குறிப்பு கொடுக்கிறார்களே என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். சட்டியை ஏற்றிவிட்டே பேசுவோம்.

மெக்சிகோவில் தின்றால் கலாச்சாரம்

மெக்சிகோவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடிக்கும் ஒரு சூப் இருக்கிறது. பெயர் மெனுடோ. மாட்டின் வயிற்றையும் காலையும் இரவு முழுக்கக் கொதிக்கவைத்து, காய்ந்த மிளகாய் அரைத்து ஊற்றி, தோல் நீக்கிய மக்காச்சோளத்தைப் போட்டு, மேலே வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்துக் குடிப்பார்கள். முதல் நாள் குடித்த மயக்கம் தெளிய அதுதான் மருந்து என்பார்கள். வடக்கே சொனோரா பகுதியில் மிளகாய் இல்லாமல் வெள்ளையாக வைப்பார்கள். மற்ற பல இடங்களில் சிவப்பு.

அங்கே கடையில் போய் 'குடல் கொடு' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்க மாட்டார்கள். துண்டு போலச் சொரசொரப்பாக இருக்கும் பகுதிக்கு 'துண்டு' என்றே அவர்கள் மொழியில் பெயர். தேன்கூடு போல இருப்பதற்குத் 'தேன்கூடு', தாள் தாளாக இருப்பதற்குப் 'புத்தகம்'. எது வேண்டும், எதில் எவ்வளவு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் மாட்டின் நான்காவது வயிற்றை வேகவைத்து, ரொட்டிக்குள் வைத்துத் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். துருக்கியில் குடல் சூப்புக்கென்றே விடிய விடியக் கடைகள் இருக்கின்றன. இதையெல்லாம் நம் ஊர்ப் பையன்கள் கைபேசியில் பார்த்து எச்சில் ஊற உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால், நெல்பேட்டைப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே கை, மெக்சிகோக் குடலுக்கு இதயக் குறி போடுகிறதே, அதைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றும் பாருங்கள். மெக்சிகோவில் ஆதியில் மாடே கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோனது. நல்ல கறி முதலாளிக்கு, வயிறும் காலும் ஏழைக்கு என்ற கணக்கில்தான் இந்தச் சூப் வளர்ந்தது என்று அங்கே சொல்வார்கள். மிளகாயோ அங்கிருந்து இங்கே வந்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய மிளகாயை, தக்காளியை, மக்காச்சோளத்தை எந்த அக்கிரகாரமும் 'இது எந்தச் சாதிக்காரன் பயிர்?' என்று கேட்கவில்லை. சாம்பாருக்குள் மெக்சிகோ மிளகாய் போகலாம். மெக்சிகோக்காரர்கள் அந்த மிளகாயைப் போட்டுக் கொதிக்கவைக்கும் குடல் மட்டும் தெருவுக்குள் வரக்கூடாது. 'தூய்மை' என்பதன் லட்சணம் இதுதான்.

நான்கு அறை, ஒரு சாணம்

இனி வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள்.

முதல் அறை ருமென். வளர்ந்த மாட்டுக்கு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் பெரிய பை. உள்பக்கம் குளிக்கும் துண்டு போலச் சொரசொரப்பாக, கறுத்த தோலோடு இருக்கும். தடிப்பானது, மெல்லக் கடினமானது, விலையும் குறைவு. அதிக நேரம் வேக வேண்டும், ஆனால் சூப்புக்குக் கனம் கொடுப்பது இதுதான்.

இரண்டாவது ரெடிகுலம், தேன்கூடு. அறுகோணக் குழிகள் மசாலாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

மூன்றாவது ஓமேசம், புத்தகம். தாள்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தாளாக விரித்துக் கழுவப் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

நான்காவது அபோமேசம். வழுவழுப்பான, மெல்லிய வயிறு. சீக்கிரம் வெந்துவிடும், கொழுப்பும் சற்று இருக்கும்.

இதற்குப் பிறகு வருவதுதான் குழாய் மாதிரியான உண்மையான குடல். மதுரைப் பக்கம் வயிறு, குழாய் எல்லாவற்றையும் சேர்த்துக் 'குடல்' என்போம். சென்னையில் 'போட்டி'.

பார்த்து வாங்குவது எப்படி? பளீரென்று சோப்பு மாதிரி வெளுத்திருந்தால் ரசாயனத்தில் ஊறவைத்ததா என்று சந்தேகப்படுங்கள். இயற்கையான வயிறு பழுப்பாகவோ, லேசான பச்சையாகவோ, கறுப்பாகவோதான் இருக்கும். புல் வாசம் வந்தால் பயமில்லை. புளித்த வாடையோ, மூக்கில் ஏறும் நெடியோ வந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் திரும்பி எழ வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. காலையில் அறுத்ததைக் காலையிலேயே வாங்கிக் காலையிலேயே கழுவுங்கள்.

ருமெனை அறுத்துத் திறப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. நகரத் தெருவில் மேய்ந்த மாடாக இருந்தால் உள்ளே பாலித்தீன் பைகள் உருண்டு கிடக்கும். தேன்கூட்டில் ஆணியும் கம்பியும் தங்கியிருக்கும். கோமாதா என்று கும்பிட்டுவிட்டு, மிச்சச் சோற்றைப் பையோடு கட்டிக் குப்பையில் வீசியவர்களின் பக்தி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. மாட்டின் மீது யாருக்கு உண்மையான அக்கறை என்று தெரிய வேண்டுமானால் அந்த வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த வயிற்றில் அரைபட்ட புல்தான் வெளியே வந்தால் சாணம். அந்தச் சாணத்தில் வாசல் தெளிக்கலாம், பிள்ளையார் பிடிக்கலாம், பஞ்சகவ்யத்தில் கலக்கலாம். பால் புனிதம், நெய் புனிதம், மூத்திரமும் புனிதம். இவை எல்லாவற்றையும் உண்டாக்கிய வயிறு மட்டும் தீட்டு. அதைக் கழுவுகிற கை தீட்டு. எங்களுக்குச் சமூகவியல் பாடத்தில் தூய்மை, தீட்டு என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கிலோ குடலைக் கழுவினால் அந்தப் பாடம் முழுவதும் கைக்கு வந்துவிடும். பொருளில் தீட்டு கிடையாது. யாரைத் தள்ளிவைக்க வேண்டுமோ அவருடைய கையில் இருப்பதற்குத் தீட்டு என்று பெயர் வைக்கிறார்கள்.

கழுவுவது யார்?

குடல் சமையலில் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான். முதலில் தாராளமான தண்ணீரில் அலச வேண்டும். பிறகு கல் உப்பு, மஞ்சள், சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு எரிக்கும். அதன்பின் சூடான தண்ணீரில் முக்கி எடுத்துக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டினால் கறுப்புத் தோல் உரிந்து வரும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் தோல் இறுகிப் பிடித்துக்கொள்ளும், உரிக்க முடியாது. குழாய்க் குடலை ஈர்க்குச்சியால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கழுவ வேண்டும். ஐந்தாறு தண்ணீர் மாற்றியாக வேண்டும்.

ஐந்தாறு தண்ணீர். இங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. காலனித் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது? எத்தனை குடம் கிடைக்கிறது? ஒருவருக்குத் தண்ணீரைக் கொடுக்காமல் வைத்துவிட்டு, பிறகு அவரையே 'சுத்தம் இல்லாதவர்' என்று சொல்வது பழைய தந்திரம். 1927இல் மகாடில் அம்பேத்கர் மக்களைத் திரட்டியது குளத்துத் தண்ணீருக்காக. அதே மாநாட்டில்தான் செத்த மாட்டைத் தின்பதில்லை என்ற தீர்மானமும் வந்தது. தண்ணீரையும் கறியையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

அடுத்து, கழுவுவது யார்? பெண்கள். மாட்டுக்கறி விருந்து என்று விடுதிகளிலும் கூட்டங்களிலும் அறிவிக்கிறோம். மேடையில் பேசுவது ஆண்கள், முதல் பந்தியில் உட்காருவதும் ஆண்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குத்தவைத்து உட்கார்ந்து, சுண்ணாம்பில் விரல் வெடிக்கக் குடல் சுரண்டிய அக்காவின் பெயர் துண்டறிக்கையில் வருவதில்லை. சாதியை ஒழிக்கும் விருந்தில் பாத்திரம் கழுவுகிற வேலை மட்டும் பிறப்பால் தீர்மானிக்கப்படுமானால் அது என்ன விருந்து? தம்பிமாரே, அடுத்த விருந்துக்குக் குடல் சுரண்ட நீங்கள் உட்காருங்கள். பேச்சை அக்காக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மதுரை மெனுடோ

மெக்சிகோக்காரர்களும் நம்மைப் போலவே சுண்ணாம்பை அடுப்பங்கரையில் வைத்திருக்கிறார்கள். நாம் குடலைத் தேய்க்கிறோம். அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோல் நீக்குகிறார்கள். இரண்டையும் சேர்த்தால் நம் சட்டியிலேயே மெனுடோ வைத்துவிடலாம்.

கால் கிலோ காய்ந்த மக்காச்சோளத்தை, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். நான்கு தண்ணீரில் அலசுங்கள். துண்டு, தேன்கூடு, புத்தகம் மூன்றும் கலந்து ஒரு கிலோ, மாட்டுக்கால் துண்டுகள் அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கால் இல்லாவிட்டால் சூப் தண்ணியாகத்தான் இருக்கும், உதட்டில் ஒட்டுகிற பிசுபிசுப்பு அதிலிருந்துதான் வருகிறது. ஒரு பூண்டு முழுசாக, இரண்டு வெங்காயம், உப்பு, மஞ்சள் போட்டுச் சட்டியில் மூன்று மணி நேரம் சின்னத் தீயில் வேகட்டும். குக்கர் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும். நான்காவது வயிற்றைச் சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் கரைந்துவிடும்.

காய்ந்த மிளகாய்க்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. விதையைத் தட்டிவிட்டுச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, சீரகம், பூண்டோடு மையாக அரைத்து ஊற்றுங்கள். சோளத்தையும் போட்டு, அது பூப்போல விரியும்வரை விடுங்கள். அங்கே ஒரிகானோ தூவுவார்கள். நம் கொல்லையில் ஓமவல்லி இருக்கிறது, இரண்டு இலையைக் கசக்கிப் போட்டால் அந்த வாசம் வந்துவிடும். எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். சோளம் வேண்டாம் என்றால் கேப்பைக் களிக்கு இதைவிடப் பொருத்தமான சாறு இல்லை.

விலையையும் பார்த்துவிடுவோம். மாட்டுக்குடல் ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராது. நூறு கிராமில் 12 கிராம் அளவுக்குப் புரதம், நான்கு கிராமுக்கும் குறைவான கொழுப்பு. கூலி வேலைக்குப் போய்வரும் உடம்புக்கு இது சோறு. 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று காலனிப் பிள்ளைகளின் எடையை எழுதிக்கொண்டு போகிறவர்கள், அந்தப் பிள்ளைகளின் அம்மா எதைச் சமைக்க வெட்கப்படும்படி ஆக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் எழுதட்டும்.

'பெரியவர்களே விட்டுவிட்டார்களே?'

இந்தக் கேள்வி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, நம் வீட்டுக்குள்ளிருந்தும் வருகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் 'நாங்க அதெல்லாம் சாப்பிடுறதை விட்டு ரொம்ப நாளாச்சு தம்பி' என்று சொல்கிற தாத்தாக்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்களைக் கேலி செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. செத்த மாட்டைத் தூக்க வேண்டும், தோலுரிக்க வேண்டும், அந்தக் கறியையே கூலியாகத் தின்ன வேண்டும் என்று ஊர் கட்டளையிட்டது. அதை மறுத்து அடி வாங்கியவர்கள் அவர்கள். 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில் தீண்டாமையின் வேரை அம்பேத்கர் மாட்டிறைச்சியில்தான் தேடினார். பார்ப்பனர் அதை விட்டபோது, செத்த மாட்டைத் தின்னும் நிலையில் வைக்கப்பட்டவர்கள் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

எனவே வித்தியாசத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். கட்டாயத்தால் தின்ற செத்த மாடு வேறு. காசு கொடுத்து, நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து வாங்கும் கறி வேறு. முன்னதை மறுப்பது சுயமரியாதை, பின்னதை மறைக்காமல் இருப்பதும் சுயமரியாதை. எம்.என்.சீனிவாஸ் 'சமஸ்கிருதமயமாதல்' என்று ஒன்றை எழுதினார்: கீழே வைக்கப்பட்ட சாதி, மேலே இருப்பவரின் பழக்கத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும் என்று. மாட்டுக்கறியை விட்ட எந்தத் தெருவுக்காவது தேநீர்க் கடையில் தனிக் குவளை போனதா? கோயில் கதவு திறந்ததா? விட்டும் பார்த்தாயிற்று. தட்டில் இருப்பதை வைத்து அவர்கள் நம்மை ஒதுக்கவில்லை, ஒதுக்கிவிட்டுத்தான் தட்டைப் பார்த்தார்கள். தின்னாதவர் தின்னாமல் இருக்கட்டும். அது அவர் விருப்பம். தின்கிறவர் தலைகுனிய வேண்டியதில்லை என்பதே நம் பேச்சு.

மாடு யாருடைய பண்பாடு?

2017 ஜனவரியில் மதுரையே தெருவுக்கு வந்தது. அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் இரவு பகலாக உட்கார்ந்து, 'மாடு எங்கள் பண்பாடு' என்றது. அதே ஆண்டு மே 23 அன்று, சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்கக் கூடாது என்ற விதிகளை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. ஒரு வாரத்தில், மே 30 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. வழக்குப் போட்டவர் இந்த ஊர் வழக்கறிஞர். ஜனவரியில் வந்த கூட்டத்தில் எத்தனை பேர் மே மாதத்தில் வந்தார்கள்? வாடிவாசலில் திமிலைப் பிடித்தால் பண்பாடு, உழைத்து ஓய்ந்த மாட்டைச் சந்தையில் விற்றுக் கன்று வாங்குவதும் அந்தக் கறியைத் தின்பதும் பண்பாட்டில் சேராதா? அகநானூற்றில் ஆவை அறுத்துத் தின்ற மறவர்கள் வருகிறார்கள். ஆனால் நம் சட்டிக்குச் சான்றிதழ் சங்க காலத்திலிருந்து வர வேண்டிய அவசியம் இல்லை.

'தின்னுங்கள், ஆனால் வெளியே ஏன் சொல்கிறீர்கள்?' என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்களும் உண்டு. 2002இல் அரியானாவின் ஜஜ்ஜார் அருகே, மாட்டுத் தோலைக் கொண்டுபோன ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டைத் தோலுரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அவர்கள் யாரும் மேடை போட்டுப் பேசியவர்கள் இல்லை. அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான். வாயை மூடிக்கொண்டிருப்பது பாதுகாப்பு தரும் என்றால் அவர்களுக்குத் தந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அப்படி இல்லை என்பார்கள். 2014ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்த மாநிலத்தில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் இறைச்சி தின்கிறவர்கள். இருந்தும் நம் மொழியில் மூன்று விழுக்காட்டுக்குப் பெயர் 'சைவம்', மிச்சம் அத்தனை பேரும் 'அ-சைவம்'. 2022 மே மாதம் அரசு ஏற்பாட்டில் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவிக்கப்பட்டது. ஆம்பூரில், மாட்டுக்கறி பிரியாணி இல்லாமல்! எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இதைப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. 2025 ஜனவரியில் கோவையில் தள்ளுவண்டியில் மாட்டுக்கறி விற்ற தம்பதியை மிரட்டிய காணொளி வெளிவந்து, போலீஸ் வழக்குப் பதிய வேண்டியிருந்தது. இது பெரியார் மண்ணில் நடந்ததுதான்.

நாம் கேட்பது என்ன?

அரசுப் பணத்தில் நடக்கும் எந்த உணவுத் திருவிழாவிலும் மாட்டுக்கறிக் கடைக்கு இடம் வேண்டும். கேட்டு, போராடி, மூன்றாம் நாள் தருகிற இடம் அல்ல, முதல் அறிவிப்பிலேயே. ஆட்டுக்கறிக் கடைக்குத் தருகிற உரிமம், கூரை, குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வாய்க்கால், குளிர்பதனம் அத்தனையும் மாட்டுக்கறி, குடல் விற்கிறவர்களுக்கும் வேண்டும். சுத்தம் வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் முதலில் தண்ணீர் கொடுக்கட்டும். விடுதி உணவுப் பட்டியலை விடுதி மாணவர்கள் தீர்மானிக்க வேண்டும். 'சைவம் மட்டும்' என்று வாடகைப் பலகை மாட்டுகிறவர்கள் சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் மாடு அறுக்கும்போது கூறு போடுவார்கள். கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து ஒவ்வொரு கூறும் சமமாக இருக்கும். 'நல்ல கறி ஒருத்தருக்கு, குடல் இன்னொருத்தருக்கு' என்ற பேச்சே அங்கே கிடையாது. சேரி என்று இவர்கள் ஒதுக்கிவைத்த இடத்தில்தான் அந்தச் சமத்துவக் கணக்கு இன்றைக்கும் இலைமேல் நடக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குடல் வாங்குங்கள். பெயர் சொல்லி வாங்குங்கள்: துண்டு, தேன்கூடு, புத்தகம். கறுப்புப் பை வேண்டாம், தூக்குச் சட்டியைக் கொண்டுபோங்கள். யாராவது கேட்டால் மாட்டுக்குடல் என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.